விழுப்புரம் பஸ்ஸில் மூன்று தடவை

திண்டிவனம்,
21-9-1986, ஞாயிறு.

அன்பு மகள் எப்சிபாவுக்கு, கர்த்தருடைய நாமத்தை முன்னிட்டு உன் அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறை கிடையாது, எனக்கும் உடம்பு பரவாயில்லை, அங்கே நீ சுகமா கண்ணு? இந்த ஒரு வரியைக் கேட்க எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி எழுதின கடிதங்களின் அடியில் எல்லாம் அப்பாவின் ஆசீர்வாதம் என்று ஒரு வரி இருந்திருக்கும், அதைக்கூட நான் சொல்லவில்லை, அந்தப் பெண்ணே தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டது. நீயும் பதிலில் அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம் என்று ஒரு வரி போடுவாய், அதை அவள் வாசிக்கிற நேரத்துக்கு நான் ஏதோ வேலை இருக்கிறவன் மாதிரி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இன்றைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்லண்ட் லெட்டரில் இடம் போதாது என்று கவராக வாங்கி வந்தேன். அம்மாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், என்ன எழுதப்போகிறேன் என்பதை நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன், அதில் ஒரு விஷயம் அவளுக்கே நேற்றுவரைக்கும் தெரியாது, அது தெரிந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

முதலில் வீட்டுச் சமாச்சாரம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊரைவிட்டு வந்துவிட்டோம். சபை கொடுத்திருந்த வீட்டை ஆகஸ்டு கடைசியில் காலி பண்ணிவிட்டு, திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓட்டுவீட்டில் பாதிப் போர்ஷன் எடுத்திருக்கிறோம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, தண்ணீர் தெருக்குழாயில். வீட்டுக்காரர் சீனுவாசன் தபாலாபீசில் இருந்து ரிடையர் ஆனவர், நாமம் போடுகிறவர், மீன் வாங்குகிற அன்றைக்கு மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம் என்றார், மற்றபடி தங்கமான மனுஷர். கோழிகளைக் கிருஷ்ணவேணியிடம் விட்டுவிட்டு வந்ததுதான் அம்மாவுக்குப் பெரிய பேஜாரு, காலையில் எழுந்ததும் கை தானாகத் தவிட்டுப் பானையைத் தேடுகிறது. ரெண்டு நாளாக இங்கே மழை, மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் இப்படி ஊற்றினால் கடலையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கினு இருக்கிறார்கள். நான் இப்போது உபதேசியார் இல்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், பட்டா மாற்றம், விதவைப் பென்ஷன், இந்த மாதிரி. இருபத்திரண்டு வருஷம் பிரசங்கம் பண்ணினவன் இப்போது ஜனங்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல, உனக்குத் தெரிந்த கதையை உனக்கே முதலில் சொல்லவேண்டியிருக்கிறது, நான் செய்ததை என் கையால் எழுதினால்தான் அதை நான் ஒப்புக்கொண்டதாக ஆகும். உனக்குக் கல்யாணம் ஆகி மூன்றாவது மாசம், எண்பதாம் வருஷம் ஆகஸ்டில், கன்னம் வீங்கி வந்தாய், பல்வலி என்றாய். அது பல்வலி இல்லை என்று எனக்குத் தெரியும். பிரபுதாஸ் விழுப்புரத்தில் வாத்தியார், அவர் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், என்னைக் கண்டால் மாமா மாமா என்று எழுந்து நிற்கிறவர், அப்படி ஒருத்தரைத் தேடிப் பிடித்து உனக்குக் கட்டிவைத்தவன் நான், அதனால் பல்வலிதான் என்று நம்பிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்து உன்னை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். ரெண்டாவது தடவை கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், பையோடு வந்து எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாய், என்னத்தினால் அடித்தார், எங்கே அடித்தார் என்றெல்லாம். நான் உன்னை முழங்கால் போடச் சொல்லி தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் யாரை நேசிக்கிறாரோ அவர்களைத்தான் சோதிப்பார், பொறுத்துக்கொள்கிறவளுக்குக் கிரீடம் உண்டு, உன் பொறுமையைப் பார்த்து அந்த மனுஷன் ஒருநாள் மாறுவான் என்று சொன்னேன். நீ நம்பினாய். அடித்ததைவிட, நான் அனுப்பினதைவிட, நீ நம்பினாய் என்பதுதான் இன்றைக்கு எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை நீயே எடுத்துக்கொண்டாய்.

மூன்றாவது தடவை குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள். இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாய், பஞ்சில் ரத்தம் தெரிந்தது. அம்மா உன்னை உள்ளே கூட்டிப்போய் படுக்கவைத்துவிட்டு என்னிடம் வந்து, இந்தத் தடவை அனுப்பவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இந்த வாரம் முழுக்க ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிப் பேசப்போகிறேன், என் வீட்டுப் பெண்ணே சிலுவையைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சபையில் நான் எந்த முகத்தோடு நிற்பது என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கூட்டேரிப்பட்டில் பஸ் பிடித்தோம். வழி முழுக்க நான் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன், நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தைக்கும் திரும்பவில்லை, பெண்ணுக்குப் பிடிவாதம் என்று எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாள் கழித்து அம்மா சொல்லித்தான் அந்தக் காது அதோடு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் உன் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் எப்சிபா. அந்த பஸ் இரைச்சலில் நான் பேசின ஒன்றும் உனக்குக் கேட்டிருக்காது, ஒருவிதத்தில் அது நல்லதுதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

விழுப்புரத்தில் இறங்கினதும் நீ நடக்காமல் நின்றாய். சத்தம் போடாமல், அழாமல், என்னைப் பார்த்துச் சொன்னாய். "அவரு சிலுவையைத் தானா எடுத்துத் தோள்ல வெச்சாருப்பா. எனக்கு நீங்க எடுத்து வெக்கறீங்க." அவ்வளவுதான் சொன்னாய். நான் உன்னை, வாயை மூடு, இது தேவதூஷணம் என்று அதட்டினேன். உன்னைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் விட்டேன். பிரபுதாஸ் வாங்க மாமா என்று நாற்காலி போட்டார், நீ உள்ளே போய் காபி போட்டு எடுத்து வந்தாய், தம்ளரை வாங்கும்போது உன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன், குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன், பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள், சபை மூப்பர் பெரியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு பிரசங்கத்தை ஆயுசில் கேட்டதில்லை என்றார். ஜூன் மாசத்தில் நீ ஒருத்தருக்கும் சொல்லாமல் ரயில் ஏறிப் போய்விட்டாய். நகையை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு வேதப்புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று பிரபுதாஸ் வந்து சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, புருஷனை விட்டவளுக்கு அது எதற்கு என்று கேட்டேன். அதையே சொல்லித்தானே உன்னைத் திருப்பித் திருப்பி அனுப்பினேன், அதைக் கண்டாலே உனக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும், நீ அதைத்தான் எடுத்துக்கொண்டு போனாய்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரிந்தது. விழுப்புரத்துச் சபைப் பதிவேட்டில் இருந்து உன் பேரை அடித்துவிட்டார்கள், நற்கருணை கிடையாது என்று எழுதிவிட்டார்கள், யார் என்ன சொல்லி அப்படிச் செய்தார்கள் என்று எண்பத்திரண்டில் நீ அம்மாவுக்கு எழுதிக் கேட்டிருந்தாய். பிரபுதாஸ் வேலைதான் என்று அம்மா உனக்குப் பதில் எழுதச் சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தேன். அது நான் கண்ணு. எண்பத்தொன்றில் ஆயர் பட்டத்துக்கு என் பேர் போயிருந்தது, கமிட்டியில் இருந்து ஒரு காகிதம் வந்தது, உங்கள் மகள் புருஷனை விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி, விவரம் எழுதி அனுப்பவும் என்று. நான் எழுதினேன். மாப்பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, மகள் தன் மனம் போன போக்கில் போய்விட்டாள், பெற்றோர் சொன்ன புத்தியைக் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தின் நகல்தான் விழுப்புரத்துக்குப் போய் உன் பேரை அடித்தது. உன்னைத் திருப்பி அனுப்பினதும் அதற்காகத்தான், மூன்றாவது தடவையாவது கட்டாயம் அதற்காகத்தான். விசுவாசம் என்று உன்னிடம் சொன்னேன், அது வெள்ளை அங்கி மேல் இருந்த ஆசை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பட்டமும் வரவில்லை, என்னைவிடச் சின்னவர் ஒருத்தருக்குக் கொடுத்தார்கள். வந்திருந்தால் இதை உனக்கு எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், எழுதியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

இந்த வருஷம் மே மாசம் உன்னுடைய கடிதம் ஒன்று வந்தது, உன் ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளுக்குக் கட்டுப் போடுகிற வேலையைப் பற்றி அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அன்றைக்கு வெளியில் நல்ல வெயில், கொல்லைப்பக்கம் போகாமல் உள்ளேயே இருந்துவிட்டேன், அதனால் காதில் விழுந்தது. நோய் அவர்கள் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் போவதுதான் காரணம், அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைக் கையால் தூக்குகிறார்கள், சுடுவது தெரிந்தால் கையை எடுத்துவிடுவார்கள், தெரியாததால் கை போகிறது, வலி ஆண்டவர் கொடுத்த பெரிய உபகாரம் அம்மா என்று எழுதியிருந்தாய். கிருஷ்ணவேணி மேலே வாசித்துக்கொண்டே போனாள், எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. சுடுகிறது என்று நீ மூன்று தடவை கையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய், நான் அந்தக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மறுபடி நெருப்பில் வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த ரெண்டு மூன்று வாரம் பிரசங்கத்தில் பழையதையே திருப்பிச் சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் மாசம் ரெண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்து சின்னபொண்ணு வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குப் போகிறவள், ஞானஸ்நானத்தில் ரூத் என்று பேர் வைத்தோம், ஆனால் ஊரே சின்னபொண்ணு என்றுதான் கூப்பிடும், நீ ஊரில் இருந்தபோது கல்யாணம் ஆகி வந்தவள், இப்போது ரெண்டு பெண் பிள்ளைகள். புருஷன் கண்ணையன், மூப்பர் பெரியசாமிக்குத் தம்பி மகன். வலது மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது, அந்தக் கையை இடது கையால் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். ஏற்கெனவே நாலைந்து தடவை வந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் உனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்து அவள் கேட்டாள், "அய்யா, அந்த ஜெபத்தைச் சொல்லுங்க. அதைக் கேட்டுக்கினு போனா ரெண்டு மாசம் தாங்குது." வயிற்றுவலிக்காரி மருந்து கேட்கிற மாதிரி கேட்டாள். நான் எழுந்து அவள் தலையில் கையை வைத்தேன், வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. கை மட்டும் அவள் தலையில் இருக்கிறது, அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். அப்போது அம்மா சமையல்கட்டில் இருந்து வந்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் ஊழியத்தில் இருக்கும்போது அவள் குறுக்கே வந்ததே கிடையாது. "இன்னைக்கு ஜெபம் வேணாம். அவ இங்கியே இருக்கட்டும், போயி புள்ளைங்களை இட்டுக்கினு வாங்க" என்றாள். நான் போய் அழைத்து வந்தேன். அதற்குமேல் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, இது எல்லாமே உன் அம்மா செய்தது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்யவிடாதது.

அன்றைக்கே அவளைத் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மாவுக்கட்டுப் போட்டோம். மறுநாள் கண்ணையன் வந்தான். தெருவில் நின்றுகொண்டு, உபதேசியார் என் பெண்டாட்டியை வீட்டில் வைத்திருக்கிறார் என்று வாயில் வராத பேச்செல்லாம் பேசினான். நான் வெளியே போய், அவள் கை சரியாகட்டும் அப்புறம் உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லிக்கொண்டு இருக்கும்போதே கையில் வைத்திருந்த சவுக்குக் கழியால் என் தோளில் ஒன்று போட்டான். ஒரே ஒரு அடி. அதற்குள் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். எப்சிபா, எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, பாடுகளைப் பற்றி எத்தனையோ நூறு பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், ஒருத்தரிடம் அடி வாங்கினது அதுதான் முதல் தடவை. எலும்பு முறியவில்லை, வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை, வாசலில் யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலும் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன், சோறு இறங்கவில்லை. தாங்கிக்கொள் என்று உனக்கு அத்தனை சுலபமாகச் சொன்னேனே, ஒரு அடிக்கு நான் இப்படி ஆனேன், நீ பத்து மாசம் எப்படி இருந்தாய் என்று நினைத்து நினைத்துப் படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தாள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

பெரியசாமி சபைக்கூட்டம் போட்டார். ஆயர் ஐயாவும் திண்டிவனத்தில் இருந்து வந்திருந்தார். குடும்பத்தைச் சேர்த்துவைக்க வேண்டியவர் பிரித்துவைக்கிறார், வேதத்தில் எங்கே அப்படி இருக்கிறது என்று பெரியசாமி கேட்டார், ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று இவர் பொறுமையைப் பற்றிப் பேசினாரே, அன்றைக்குப் பேசினது பொய்யா என்றும் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நான் பீடத்துப் பக்கம் போகாமல் கீழேயே ஜனங்கள் மத்தியில் நின்றுகொண்டு சொன்னேன். என் மகள் காதில் ரத்தத்தோடு வந்தாள், நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் அந்தப் பிரசங்கத்தைப் பண்ணினேன், அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள், நான் அழவில்லை என்றேன். ஆண்டவர் அடிபட்டவர், அடிபடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிறவர், நான் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு அடிக்கிறவன் வீட்டு வாசல்வரைக்கும் போனேன், இனிமேல் போகமாட்டேன் என்றும் சொன்னேன். இதை எல்லாம் சரளமாகச் சொல்லவில்லை கண்ணு, நடுவில் ரெண்டு தடவை நின்றுவிட்டேன், மூக்கு ஒழுகினது, துண்டைத் தேடினேன். சில பேர் எழுந்து போனார்கள். ஆயர் ஐயா நல்லவர், ஆனால் சபை ரெண்டாக உடைந்துவிடுமோ என்று பயந்தார், அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான், அதனால் அவர்மேல் வருத்தம் இல்லை. என்னை ஊழியத்தில் இருந்து நிறுத்தி, வீட்டைக் காலி செய்ய ஆகஸ்டு கடைசிவரைக்கும் தவணை கொடுத்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு மூன்றே மூன்று பெண்கள் வந்து தூக்கிவிட்டார்கள், அதில் ரெண்டு பேர் என்னிடம் ஜெபம் கேட்டு வந்து அடிக்கிற புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சின்னபொண்ணு இப்போது குயிலாப்பாளையத்தில் அண்ணன் சக்கரபாணி வீட்டில் இருக்கிறாள். அண்ணன் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கிறான், இவளுக்கும் அங்கேயே ஒரு சமையல்கூடத்தில் காய் நறுக்குகிற வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். கண்ணையன் ஒரு தடவை அங்கே போனானாம், அண்ணன் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டான், மறுபடி வரவில்லை, வருவானோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. போன வாரம் மணிக்கட்டைக் காட்டத் திண்டிவனம் வந்தவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, ஆனால் பிடிமானம் வந்துவிட்டது. இன்னமும் ஜெபம் பண்ணுகிறாயா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், என்னால் அதுவும் அவளுக்குக் கசந்துபோயிருக்குமோ என்று. அவள் சொன்னாள், "அப்ப அடியைத் தாங்கறதுக்குக் கேட்டுக்கினு இருந்தேங்கய்யா. இப்ப காலையில எழுந்து புள்ளைங்களை ரெடி பண்ணி, நாலு பேரு பேசறதைக் காதுல வாங்காம வேலைக்குப் போறதுக்குக் கேக்கறேன். இதுக்குத்தான் ஜாஸ்தி தெம்பு வேணும். குடுக்கறாரு." நான் படித்ததை எல்லாம் சேர்த்தாலும் இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாஷை தெரியாத ஊரில், ஒரு காதோடு, எல்லாரும் தொடப் பயப்படுகிற கால்களைக் கழுவிக் கட்டிக்கொண்டு நீ ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறாயே, பொறுமை என்று வேதத்தில் சொல்லியிருப்பது அதுதான் போலிருக்கிறது. அதை ஓடிப்போனாள் என்று எழுதினவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை நான் விழுப்புரம் போனேன், தனியாக. அங்கத்து ஆயரைப் பார்த்து, எண்பத்தொன்றில் நான் எழுதிக் கொடுத்தது பொய், என் மகள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அடி தாங்கமுடியாமல் மூன்று தடவை தகப்பன் வீட்டுக்கு வந்தவளைத் தகப்பனே திருப்பி அனுப்பினான், அதனால்தான் அவள் போனாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, இதைக் கொடுத்தால் உங்களுக்குத்தானே கெட்ட பேர் என்றார். ஆமாம் என்றேன். கமிட்டியில் வைத்து ஆலோசிக்கிறோம் என்றார், உன் பேரைத் திரும்ப எழுதுவார்களா என்பது தெரியாது, உனக்கு அது வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியாது. பட்டத்துக் கமிட்டிக்கும் ஒரு நகல் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இன்னொரு நகலை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், அங்கே யாராவது உன்னை ஏதாவது கேட்டால் காட்டு, இல்லையென்றால் கிழித்துப் போடு, அது உன் இஷ்டம். திரும்பி வரும் வழியில் பிரபுதாஸ் வீட்டுத் தெருமுனைவரைக்கும் போனேன், ஆர்மோனியச் சத்தம் கேட்டது, போய் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று கை பரபரத்தது, ஆனால் முதலில் என்னை நான் கேட்கவேண்டியது பாக்கி இருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்துக் கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறோம். முன்வரிசையில் உட்கார்ந்த காலத்தில் எனக்குக் கேட்காத பல விஷயங்கள் அங்கே கேட்கிறது, பெண்கள் அழுகையை அடக்குகிற சத்தம் கேட்கிறது. தெரிந்தவர்கள் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முதல் வாரம் சுருக்கென்று இருந்தது, இப்போது பழகி வருகிறது, இதையாவது நானாக எடுத்துக்கொண்டது என்று நினைக்கும்போது நடக்க முடிகிறது. மன்னித்துவிடு என்று நான் இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. நான் கேட்டால் நீ செய்துவிடுவாய், அப்பா சொன்னாரே என்று பையை எடுத்துக்கொண்டு போனவள் நீ. இன்னொரு தடவை உன்னிடம் ஒன்றைச் சுமத்த எனக்கு மனசில்லை. கிறிஸ்துமசுக்கு வருவதைப் பற்றி அம்மா உனக்கு எழுதியிருந்தாள், அவளுக்காக வருவதானால் வா, ஸ்டேஷனுக்கு அவளே வருவாள், நான் வீட்டில் இருக்கிறேன், நீ பார்க்கவேண்டாம் என்று சொன்னால் அந்த நாலு நாள் வேறு எங்காவது இருந்துகொள்கிறேன், அதில் எனக்கு மனக்குறை இல்லை.

அம்மா சொல்லச் சொல்கிறாள், அந்தக் காதில் பனிக்காற்று படாமல் சால்வையைச் சுற்றிக்கொள்ள வேண்டுமாம், எண்ணெய் கிண்ணெய் ஊற்றக்கூடாதாம், கேப்பை மாவு வறுத்து அரைத்து பார்சல் அனுப்புகிறாளாம், ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காமல் கஞ்சியாவது காய்ச்சிக் குடிக்க வேண்டுமாம். புது விலாசத்தில் சீனுவாசன் மேல்பார்வை என்று சேர்த்து எழுது, இல்லாவிட்டால் தபால் சுற்றும். அவளுடைய ஆசீர்வாதமும் முத்தமும் உனக்கு, அது சுத்தமான ஆசீர்வாதம், தைரியமாக வாங்கிக்கொள். என்னுடையதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுதியும் அடித்தும் இந்தக் காகிதத்தின் ஓரம் கறுப்பாகிவிட்டது. இத்தனை வருஷமும் ஜெபத்தில் உன் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பொறுமை கொடும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அதை விட்டுவிட்டேன். நீ பதில் போடாமலே இருந்தாலும் தாங்கிக்கொள்ளும் பொறுமையை எனக்குக் கொடும் என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தா. மாசிலாமணி.